அதியமான் என்னும் குடிப்பெயரும் எழினி என்னும் பெயரும்

சங்ககால வரலாறு எழுதுவோர் 'அதியமான்' என்னும் பெயரைக் கண்டவிடமெல்லாம் ஔவையார்க்கு நெல்லிக்கனி ஈந்தவனையே நினைந்துவிடுகின்றனர். அதியமான் என்பது ஒருவன் பெயரன்று. மலையமான் என்பது போலத் தகடூரை ஆண்ட அதியர் குடியினர் பலர்க்கும் உரியது. இதனை அறியாதார் இலர். ஆயினும் அறிந்ததனைக் கையாளுமிடத்து மறத்தல் நம்மனோர் வழக்கமாயிற்று.

தகடூர்ப் போரில் வீழ்ந்த அதியமான் யாவன்? பெருஞ்சேரல் இரும்பொறையால் நெடுமான் அஞ்சியே மாண்டான் எனப் பாடநூல்கள் பலவும் ஐயமின்றிக் கூறும். சான்றுகளோ அத்துணைத் தெளிவுடையன அல்ல. புறநானூற்று 230ஆம் பாட்டில் அரிசில் கிழார் இறந்தவனை எழினி எனப் பெயர் சுட்டியே இரங்குகின்றார். அதியமான், தகடூர் என்பன பாட்டின்கீழ் உள்ள குறிப்பில் வருவன. ஔவையாரின் கையறுநிலையாகிய 235ஆம் பாட்டு, மார்பில் தைத்த வேலைக் கூறுகின்றதேயன்றிக் களம் இன்னதென்று கூறவில்லை; அஞ்சியின் பெயரும் ஆண்டுக் குறிப்பினாற் பெறப்படுவதே. இவ்விரு பாட்டளவில் நோக்கின், இரண்டும் ஓர் இறப்பையே சுட்டின எனக் கொள்ளுதற்குக் குடிப்பெயர் ஒற்றுமையன்றிப் பிறிதொன்றும் இல்லை. தகடூர் யாத்திரை முழுவதும் கிடைத்திருப்பின் இவ்வையம் தீர்ந்திருக்கும். புறத்திரட்டு முதலியவற்றில் எஞ்சிய சில பாட்டுக்களே நாம் பெற்ற பேறு. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் வென்றவனைப் பாடிய அரிசில் கிழாரே வீழ்ந்தவனுக்கும் இரங்கினார் என்பதும் கருதத்தக்கது. இருபாலும் அறிந்த அப்புலவர் கூறிய பெயரை எளிதின் ஒதுக்குதல் தகாது.

எழினி என்பது அஞ்சிக்கே மற்றொரு பெயர் எனின், அதற்கும் இடமுண்டு. புறநானூற்று 158ஆம் பாட்டு வள்ளல் எழுவருள் எழினியை எண்ண, சிறுபாணாற்றுப்படை அவ்விடத்து அதிகனை எண்ணுகின்றது. ஆயின் அஞ்சியின் மகனும் பொகுட்டெழினியே. அன்றியும், அப்பெயர் அதியர்க்கே உரியதும் அன்று. 396ஆம் பாட்டிற்குரிய வாட்டாற்று எழினியாதன் வேறொருவன். எனவே, அகநானூற்று 36ஆம் பாட்டில் தலையாலங்கானத்துத் தோற்ற எழுவருள் ஒருவனாகிய எழினியை, பெயர் ஒன்றே பற்றி அதியமான் எனத் துணிதலை யாம் உடன்படோம். அவன் அதியனாதலும் கூடும். கூடும் என்பதற்கும் ஆம் என்பதற்கும் இடைவெளி பெரிது.

திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இவ்வகையில் நமக்குப் பெருந்துணை. அதில் 'ஸதியபுதோ' என்னும் பட்டமும் 'அதியந்' என்னும் குடிப்பெயரும் 'நெடுமாந் அஞ்சி' என்னும் பெயரும் ஒருங்கே வருகின்றன. அசோகன் சாசனங்கள் கூறும் சத்தியபுத்திரர் யாவர் என்னும் நெடுநாள் வழக்கும் இதனால் தீர்ந்தது. கோவலூரை அஞ்சி வென்றமையை 99ஆம் பாட்டு கூறும். கல்வெட்டும் அவ்வூர்ப் பக்கத்தே கிடைத்தமை மகிழ்ச்சி தருவது. எனினும், அசோகன் காலத்துச் சத்தியபுத்திரரும் அஞ்சியே எனச் சிலர் எழுதத் தலைப்பட்டமை பழைய பிழையே. பட்டம் வழிவழி வருவது.

இக்குடிப்பெயர் நெடுங்காலம் வழங்கியது. 1116ஆம் ஆண்டளவில் தலைக்காட்டில் போசளப் படைத்தலைவன் கங்கராசனிடம் தோற்ற சோழர் சாமந்தனும் அதியமானே. மூன்றாம் குலோத்துங்கன் காலத்து விடுகாதழகிய பெருமாள் இன்னும் சுவையான சான்று தருகின்றான். போளூரை அடுத்த திருமலையில், தன் முன்னோனாகிய எழினி செய்வித்த இயக்கன் இயக்கி படிமங்களை இவன் புதுப்பித்தான். அக்கல்வெட்டின் தமிழ்ப்பகுதி எழினி என்று கூற, வடமொழிப் பகுதி அப்பெயரைத் திரைச்சீலை எனப் பொருள்கொண்டு 'யவனிகா' என மொழிபெயர்த்துள்ளது! முன்னோன் பெயரையும் மொழிபெயர்த்தல் அக்காலத்தார்க்குக் குற்றமாகத் தோன்றவில்லை போலும். எழினியைச் சேரர் குலத்தவன் என்றும் அது கூறும். சேரனொடு பொருதழிந்த குடிக்குச் சேரர் மரபு ஏது எனச் சிலர் நகைப்பர். 99ஆம் பாட்டு அஞ்சிக்குப் பனந்தார் சூட்டியிருத்தலை அவர் நோக்கினாரல்லர். ஆனால் விடுகாதழகியன் கருதிய எழினி எவன் என்பதைக் கல்லும் கூறவில்லை.