இரண்டாவது விண்ணப்பம்

கனடாவுக்கு வந்த எம்மில் பலர் வாழ்நாளில் முதன்முதல் எழுதிய நீண்ட உரைநடை அகதி மனுவுக்கானது. 2012இல் அந்தப் படிவத்தின் பெயர் மாறியது. கேட்கும் விடயம் மாறவில்லை. பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்து எது எடுபடும், எது எடுபடாது என்று சொல்ல, எமது சீவியத்தைத் திகதி வாரியாக அடுக்கினோம். அந்த எழுத்துப் பழக்கம் லேசில் விட்டுப்போகாது. கலை மானியம் கேட்டு எம்மவர் எழுதும் விண்ணப்பங்களிலும் அதுவே கண்ணில் படுகிறது.

குசினி வேலை முடிந்து வந்து நண்பர்கள் எழுதிய சில விண்ணப்பங்களை அண்மையில் வாசித்தோம். 'கவிதைத் தொகுதிக்கான திட்டம்' என்று தொடங்குகிறது. இரண்டாம் வரியில் ஷெல் விழுகிறது. மூன்றாம் வரியில் முகாம். அந்தக் கவிதைகள் எப்படி இருக்கப்போகின்றன, பேச்சுமொழியிலா, இதுவரை எழுதியதிலிருந்து எங்கே விலகுகின்றன என்று ஒரு வசனம் கிடையாது. காயத்தைக் காட்டினால் கதவு திறக்கும் என்று முதலாவது படிவம் கற்றுத்தந்துவிட்டது. அங்கே அது நியாயம். அங்கே கேட்கப்பட்டது உயிராபத்து. இங்கே கேட்கப்படுவது வேலை.

கேட்பவர்கள் யார்? கனடா கலைச் சபை 1957இல் பாராளுமன்றச் சட்டத்தால் உருவானது. கில்லம், டன் என்ற இரு பெரும் பணக்காரர்கள் இறந்தபோது அரசுக்கு வந்த மரணவரியிலிருந்து 5 கோடி டொலர் அதற்கு மூலதனமாயிற்று. யாருக்குக் கொடுப்பது என்பதை அமைச்சர் தீர்மானிப்பதில்லை; சக கலைஞர்கள் கூடி மதிப்பிடுகிறார்கள். அரசாங்கக் காசு வாங்கினால் எழுத்து விலைபோய்விடும் என்று எமது கூட்டங்களில் முழங்குவோர் இதையும் ஒருக்கால் யோசிக்கலாம். (முழங்குகிறவர்களுக்குச் சனி ஞாயிறு லீவு. எமக்கு அந்த இரண்டு நாளும்தான் கடையில் சனம்.)

அந்தச் சபை 'தொழில்முறைக் கலைஞர்' என்பதற்குத் தரும் வரையறையை ஓர் இலக்கியப் பிரதியைப்போல வாசித்துப் பார்க்கலாம். துறைசார்ந்த பயிற்சி வேண்டும். அதைக் கல்வி நிறுவனத்தில்தான் பெற்றிருக்கவேண்டும் என்பதில்லை. பட்டப்படிப்பு பாதியில் நின்றுபோனதென்று ஒதுங்கி நிற்பவர்கள் இந்த இடத்தை இரண்டுதரம் வாசிக்க வேண்டும். பொருளாதாரம் இடங்கொடுத்தால் மேலும் நேரத்தைக் கலைக்கு ஒதுக்கும் உறுதி வேண்டும் என்கிறது இன்னொரு பகுதி. கோப்பை கழுவுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் எழுத முடியாது.

ஆனால் 'வெளிவந்த ஆக்கங்கள்' என்ற இடத்துக்கு வரும்போது படிவத்துக்கு எம்மைத் தெரியவில்லை. சொந்தக் காசில் அச்சடிப்பதே எமது பதிப்பு மரபு. வெளியீட்டாளர் யார், சன்மானம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு எம்மிடம் பதில் இல்லை. சபை இயங்குவது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். மொழிபெயர்த்த மாதிரிப் பக்கங்களைக் கொடுக்கிறபோது நடுவர் வாசிப்பது எமது தமிழையல்ல. ஆளுநர் நாயகம் இலக்கியப் பரிசுகளும் அவ்விரு மொழிகளுக்கே. இங்கே வாழ்ந்து, வரி கட்டி, தமிழில் எழுதுகிறவர் எந்த நாட்டு எழுத்தாளர் என்ற கேள்வியை நாம் உரத்துக் கேட்கவேண்டும்.

எமது கூச்சமும் சேர்ந்து கெடுக்கிறது. அநேகமான விண்ணப்பங்களின் செலவுக் கணக்கில் கடதாசி இருக்கிறது, அச்சுக்கூலி இருக்கிறது, வெளியீட்டு விழா மண்டப வாடகைகூட இருக்கிறது. எழுதுகிறவர் சாப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. எழுதும் காலத்து வாழ்க்கைச் செலவை ஒரு செலவாகவே காட்டலாம் என்று விதி இருந்தும் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. கடையில் கால்மணி நேரம் குறைந்தாலும் முதலாளியிடம் கணக்குக் கேட்கிற நாம், நாவலுக்குச் செலவழித்த மூன்று வருடத்துக்கு விலை போடக் கூசுகிறோம். வாடகைக்கு இத்தனை, சாப்பாட்டுக்கு இத்தனை, ஆகவே இத்தனை மாதம் இரவு வேலைக்குப் போகாமல் எழுதலாம் என்று எழுதுவதில் பிச்சை எதுவுமில்லை.

சிற்றிதழ் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. நோர்வேயின் 'சுவடுகள்', பாரிஸின் 'எக்ஸில்', ரொறன்ரோவின் 'காலம்' போன்றவற்றில் எழுதியவர்கள் அதை நிரூபிக்க வழி தேடுகிறார்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் புலம்பெயர் இதழ்கள் பல சேர்ந்திருப்பதால் பக்கத்தைக் காட்டலாம். ஆக்கம் எப்படித் தேர்வானது, யார் செம்மை பார்த்தது, எத்தனை பிரதி போனது என்பதைப் பக்கம் சொல்லாது. கேட்டால் திகதியிட்டு ஒரு கடிதத்தில் அதை எழுதித்தர எத்தனை ஆசிரியர்கள் தயார்? எழுதித்தரும் அளவுக்கு எத்தனைபேர் உண்மையிலேயே செம்மை பார்த்தார்கள்?