ஆசிரியர் வரும் பள்ளியும் ஆசிரியர் இருக்கும் பள்ளியும்

பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்காகத் தமிழ்நாட்டின் பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் தோன்றின. இலங்கையில் 1912இல் இரத்மலானைப் பள்ளி வந்தது. 1956இல் யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை. எல்லாம் விடுதிப் பள்ளிகள். படிப்பு வேண்டுமானால் பிள்ளை வீட்டைப் பிரிய வேண்டும். அந்தப் பிரிவைத் தவிர்க்க இந்தியாவும் இலங்கையும் வெவ்வேறு வழிகளில் நடந்தன.

இலங்கை 1960களின் பிற்பகுதியிலிருந்து சாதாரண அரச பாடசாலைகளுக்குள் விசேட கல்வி அலகுகளைத் திறந்தது. பாடசாலையில் ஓர் அறை, அதற்கென ஓர் ஆசிரியர். அவர் ஆசிரியர் சேவையைச் சேர்ந்த நிரந்தர அரச ஊழியர், நாள்தோறும் வருவார். பேச்சு வராத பிள்ளைக்கு எப்போது பசிக்கும், எந்தச் சத்தம் அதை அழவைக்கும் என்பதை அவர் அறிந்திருப்பார். இந்தப் பழக்கத்துக்கு ஈடாக எந்தத் திட்டமும் இல்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையும் பதினான்கு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் இருப்பதுண்டு. அங்கிருந்து பக்கத்து வகுப்புக்குப் போவது அதிபரின் மனத்தையும் வகுப்பாசிரியரின் துணிவையும் பொறுத்தது. ஆண்டுக்கணக்கில் அந்த அறையைத் தாண்டாத பிள்ளைகள் உண்டு.

தமிழ்நாட்டில் பிள்ளையின் பெயர் சாதாரண வகுப்பின் வருகைப் பதிவேட்டில்தான் இருக்கும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் பள்ளி பள்ளியாகச் சுற்றி வருவார். பிசியோதெரபி, உதவி உபகரணங்கள் ஆகியவையும் மையத்தின் வழியே கிடைக்கும். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி உண்டு. கடுமையான குறைபாடுள்ளவர்கள் வீட்டிலிருந்தே கற்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டத்தில் சேர்த்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயதுவரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. பள்ளிச் சேர்க்கையில் பாகுபாடு கூடாது என்ற அளவில் இலங்கையின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் நின்றுவிட்டதை எண்ணினால், இது பெரிய முன்னேற்றம்.

ஆனால், பயிற்றுநர் வராத நாள்களில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்கும். பயிற்றுநர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார்கள். 2024-25இல் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்‌ஷா திட்ட நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தபோது, அதையே நம்பியிருந்த இவர்களின் ஊதியமும் கேள்விக்குறியானது. தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் வகுத்தது. அதை நிரந்தரப் பணியிடங்களாக்கும் பொறுப்பு அரசுகளுடையது.

சட்டத்தில் இந்தியா முன்னே நிற்கிறது. ஆனால் நாள்தோறும் கண்ணெதிரே இருக்கும் ஆசிரியரை இலங்கைதான் தந்திருக்கிறது. நான் ஒரு பெற்றோராக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன். அடுத்து, பாட்டு, சித்திரம், விளையாட்டு நேரங்களிலாவது அலகுப் பிள்ளைகள் மற்ற வகுப்புகளோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்பேன். அதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை. அதிபர் நேரசூசியைத் திருத்தினால், அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.