முள் காட்டும் வெளிச்சம்

நிக்கான் எஃப்.எம். ஃபிலிம் கேமரா 1977இல் வந்தது, எஃப்.இ. அடுத்த ஆண்டில். வெளியே இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், ஒளிமானி காட்டும் விதத்தில் உள்ள வேறுபாடு வியூஃபைண்டருக்குள் தெரியும். எஃப்.எம்.மின் வலது ஓரத்தில் மூன்று சிவப்புக் குறிகள்: கூட்டல், வட்டம், கழித்தல். வட்டம் மட்டும் எரிந்தால் ஒளி சரி. கூட்டல் மட்டும் எரிந்தால் ஒளி ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது இருமடங்குக்கு, மேல் கூடிவிட்டது. இரண்டா நான்கா என்று விளக்கு சொல்லாது. எஃப்.இ.யின் இடது ஓரத்தில் ஷட்டர் வேகங்கள் ஏணிபோல் நிற்கின்றன. நாம் வைத்த வேகத்தில் பச்சை முள், ஒளிமானி கேட்கும் வேகத்தில் கறுப்பு முள். ஜன்னலோரம் இருப்பவரைப் படமெடுக்க, கேமராவை வெளிச்சத்திலிருந்து முகத்துக்குத் திருப்புங்கள்: கறுப்பு முள் 500இலிருந்து மெல்ல இறங்கி 60இல் நிற்கிறது. மூன்று ஸ்டாப் வித்தியாசம் கண்ணெதிரே நகர்ந்து தெரிகிறது. எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று நாமே முடிவு செய்ய அது போதும். என் ஓட்டு முள்ளுக்கே.

இருட்டில் முள் தெரியாதே என்பார்கள். உண்மைதான்; மாலை மங்கியபின் சிவப்பு விளக்கே கைகொடுக்கும். பேட்டரி தீர்ந்தாலும் எஃப்.எம். எல்லா வேகத்திலும் இயங்கும், எஃப்.இ.க்கு 1/90உம் ‘பி’யும்தான் மிஞ்சும் என்பதும் சரியே. ஆனால் அது ஷட்டரின் பெருமை, ஒளிமானியின் பெருமை அல்ல. பேட்டரி போனால் எஃப்.எம்.மின் விளக்கும் அணைந்துவிடும். 1976இன் பென்டாக்ஸ் கே1000இல் முழு இயந்திர ஷட்டரும் முள்ளும் ஒன்றாகவே இருந்தன. அதில் வேக ஏணி கிடையாது. ஆனாலும் முள் நடுவைவிட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்பது பார்த்த மாத்திரத்தில் புரியும்.