ஐந்து நாள் ஆட்டம், இருபது ஓவர் மேசை

போர்வீரன் 60, மந்திரவாதி 183. இருவரும் ஒரே அணி, ஒரே லெவல். நான்கே சுற்றில் முடிந்த சண்டை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்துக் கணக்குப் போட்டால், எதிரிகளுக்கு இவர்கள் விளைவிக்கும் சேதம் சராசரியாக இப்படித்தான் வருகிறது. மந்திரவாதிக்கு விதி எழுதியவர்கள் வாரிக் கொடுத்துவிட்டார்கள் என்பது இந்த ஆட்டத்தின் மீது வெகுகாலமாகச் சொல்லப்படும் புகார். ஆனால் அதே இருவரையும் இருபது சுற்று ஆடவிட்டுப் பாருங்கள். 300க்கு 307. கிட்டத்தட்ட சமன்.

கணக்குக்குள் போகுமுன், இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர். உலகம், எதிரிகள், வழியில் சந்திக்கும் மனிதர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப் போகிறேன் என்று ஆட்டக்காரர் சொல்கிறார். முடிவு சந்தேகமானால் பகடை உருளும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் 1974இல் டி.எஸ்.ஆர். நிறுவனம் இதை வெளியிட்டது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும். பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தும் போர் ஆட்டத்திலிருந்து பிறந்தது என்பதால் போட்டி இதன் ரத்தத்திலேயே இருக்கிறது. கைகாக்ஸ் எழுதிய 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' 1975இல் ஒரிஜின்ஸ் மாநாட்டில் போட்டி ஆட்டமாகவே நடத்தப்பட்டது. ஆக, விளையாட்டுப் பக்கத்தில் இதை அலசுவதில் தவறில்லை.

உரிமை 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துக்கும், 1999இல் அதையே வாங்கிய ஹாஸ்ப்ரோவுக்கும் போனது. நாம் எடைபோடும் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. 2024இல் திருத்தம் கண்டது.

இருபது முகம், ஒரே விதி

இந்தப் பதிப்பின் பெரிய பலம், விதியை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம் என்பது. 20 முகப் பகடையை உருட்டு, உன் திறன் எண்ணைக் கூட்டு, இலக்கைத் தொட்டால் வெற்றி. வாள் வீச்சு, பூட்டு உடைப்பு, காவலனிடம் பொய் சொல்வது என எல்லாவற்றுக்கும் இதே முறை. 1989இல் வந்த பதிப்பில் எதிரியைத் தாக்கக் கழித்தல் கணக்குப் போட வேண்டியிருந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அரைடஜன் கூட்டல்களை நினைவில் வைக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையை இதில் இறக்கி வைத்துவிட்டார்கள்.

அதற்கு உதவிய நல்ல கண்டுபிடிப்பு 'அட்வான்டேஜ்'. சூழ்நிலை உனக்குச் சாதகமா? இரண்டு பகடை உருட்டி, பெரியதை எடுத்துக்கொள். பாதகமா? சிறியதை எடு. 11 தேவைப்படும் இடத்தில் வெற்றி வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75 ஆகிறது. சராசரி 10.5இலிருந்து 13.8க்கு ஏறுகிறது. முன்பு பல சின்னக் கூட்டல்களால் செய்த வேலையை இப்போது கையில் இன்னொரு பகடை செய்கிறது. புதிதாக வந்த ஆட்டக்காரருக்கும் ஒரு நிமிடத்தில் புரியும். இந்த இடத்தில் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனால் அதே 20 முகப் பகடைதான் பலவீனமும். 1 முதல் 20 வரை எந்த எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு என்பதால் அதிர்ஷ்டத்தின் கை நீளம். உடல்வலு +5 உள்ள மல்லனும் -1 உள்ள நோஞ்சானும் நேருக்கு நேர் பகடை உருட்டினால், 400 வாய்ப்புகளில் 91இல் நோஞ்சான் ஜெயிக்கிறான். ஏறத்தாழ 23 சதவீதம். ஒரு மல்யுத்த வீரன் நான்கு பிடியில் ஒன்றைப் புத்தகப்புழுவிடம் விடுவான் என்றால் பார்ப்பவர் சிரிப்பார். 2024 திருத்தத்தில் மல்யுத்தப் பிடிக்கு இந்த நேருக்கு நேர் முறையை எடுத்துவிட்டு, நிலையான இலக்கு எண்ணை வைத்திருப்பது நல்ல திருத்தம்.

கோப்ளினுக்கும் ஒரு வாய்ப்பு

இரண்டாவது பலம், எண்களுக்குப் போட்ட கடிவாளம். தேர்ச்சிக்கான கூடுதல் முதல் லெவலில் +2, இருபதாவதில் +6. அவ்வளவுதான். சிறு எதிரியான கோப்ளினின் கவச எண் (தாக்குபவன் தொட வேண்டிய இலக்கு) 15. வயதேறிய சிவப்பு டிராகனுக்கு 22. இடைவெளி ஏழே புள்ளி. உயிர்ப்புள்ளிகளில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: 2014 விதிகளில் கோப்ளினுக்கு 7, டிராகனுக்கு 546.

இதன் விளைவைக் களத்தில் பாருங்கள். +5 உள்ள முதல் லெவல் போர்வீரன் கோப்ளினை 55 சதவீதமும் அந்த டிராகனையே 20 சதவீதமும் தாக்குவான். +11 உள்ள இருபதாம் லெவல் வீரனுக்கு அதே எண்கள் 85, 50. ஆக, சின்ன எதிரிகள் கடைசிவரை களத்தில் மதிப்போடு நிற்கிறார்கள். நூறு காவலர்கள் ஈட்டி எறிந்தால் டிராகன் மீது சராசரியாகப் பத்து ஈட்டிகள் தைக்கும். டிராகன் ஒருமுறை நெருப்பு ஊதினால் காவலர்கள் கூண்டோடு காலி என்பது வேறு விஷயம். ஆனாலும் ஊர் திரண்டால் பயன் உண்டு என்ற நம்பிக்கையை விதி தருகிறது. போட்டி நிறுவனமான பைஸோவின் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு (2019) இதற்கு நேர் எதிர். அங்கே லெவல் எண்ணே கூட்டலில் சேர்வதால் நாலைந்து லெவல் ஏறியதும் பழைய எதிரி தூசு. வளர்ச்சியை உணர வைப்பதில் அது மேல். உலகம் ஒரே உலகமாகத் தோன்றுவதில் இது மேல்.

எங்கே சறுக்குகிறது?

இனி முதலில் சொன்ன ஸ்கோருக்கு வருவோம். ஐந்தாம் லெவல் போர்வீரனுக்குச் சுற்றுக்கு இரண்டு வெட்டு. இரு கைப் பெருவாள் சராசரி 11 சேதம், கவச எண் 15க்கு எதிராக 65 சதவீத வெற்றி. சுற்றுக்குச் சுமார் 15 வருகிறது. மந்திரவாதியின் துருப்புச்சீட்டு 'ஃபயர்பால்'. எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. எளிதில் விழாத எதிரிகள் நால்வர் நெருக்கமாக நின்று, அதில் பாதிப்பேர் தப்பிப் பாதிச் சேதம் வாங்கினாலும் ஒரு வீச்சில் 84. அந்த ஒரு வீச்சுக்கு ஈடுகட்டப் போர்வீரன் ஐந்தாறு சுற்று வெட்ட வேண்டும்.

ஆனால் மந்திரவாதியிடம் அது இரண்டே இரண்டு. நீண்ட ஓய்வுக்கு, அதாவது இரவுத் தூக்கத்துக்கு, பிறகுதான் மறுபடி. அது தீர்ந்தால் கையில் மிச்சம் 'ஃபயர் போல்ட்'. சுற்றுக்குச் சுமார் 7.7, போர்வீரனின் பாதி. நான்கு சுற்றுச் சண்டையில் இரண்டு ஃபயர்பாலும் இரண்டு ஃபயர் போல்ட்டும் சேர்ந்து 183. இருபது சுற்றில் அதே இரண்டு ஃபயர்பாலோடு பதினெட்டு ஃபயர் போல்ட், 307. (சின்ன மந்திரங்களையும், சிறு ஓய்வில் இருவருக்கும் திரும்பக் கிடைக்கும் சலுகைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

2014 டன்ஜன் மாஸ்டர் கையேடு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுச் சண்டைகள், நடுவே இரண்டு சிறு ஓய்வு என்று எதிர்பார்த்தது. விதியின் தராசு அந்த நாளுக்காக நிறுத்தப்பட்டது. மேசையில் நடப்பது என்ன? வார இறுதியில் மூன்று மணி நேரம் கூடுகிறார்கள். பாதி நேரம் பேச்சு, விசாரணை, பேரம். ஒரு பெரிய சண்டை. அதோடு கதையில் இரவு வந்துவிடும், எல்லோரும் தூங்கி எழுந்து முழு பலம் பெறுவார்கள். ஐந்து நாள் டெஸ்ட்டுக்கு எழுதிய விதியை வைத்து இருபது ஓவர் ஆடுகிறார்கள். நாள் முழுக்க ஒரே சீராகப் பந்து வீசக்கூடியவனுக்கு நான்கு ஓவர்தான் கிடைக்கிறது. ஆறு பந்தில் முப்பது அடிப்பவன் நாயகனாகிறான்.

இதில் போர்வீரனைவிட மோசமாக அடிபடுபவன் வார்லாக் என்ற இன்னொரு வகை மந்திரக்காரன். ஐந்தாம் லெவலில் அவனுக்கு இரண்டே மந்திர வாய்ப்புகள்; ஆனால் ஒரு மணி நேரச் சிறு ஓய்விலேயே அவை திரும்பும். அந்த ஓய்வே நடக்காத மேசையில் அவன் இரண்டு மந்திரத்தோடு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் மந்திரவாதி ஒன்பது வைத்திருப்பான்.

விழுந்தவன் எழுவதும் ஒரு கணக்கு

உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் ஆள் சாவதில்லை, சரிகிறான். தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை வந்தால் பிழைப்பான், 10க்குக் கீழே மூன்று முறை வந்தால் மரணம். 20 விழுந்தால் எழுந்தே விடுவான்; 1 விழுந்தால் இரண்டு தோல்விக்குச் சமம். யாரும் உதவாவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு 59.5 சதவீதம். மேசை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் நேரம் இது. நாடகமாகப் பார்த்தால் அருமையான விதி.

உத்தியாகப் பார்த்தால் ஓட்டை. ஒரே ஒரு உயிர்ப்புள்ளி திரும்பினாலும் ஆள் முழு வேகத்தில் வெட்டுவான். ஆகவே அடிபட்ட தோழனுக்கு முன்கூட்டியே வைத்தியம் பார்ப்பது வீண். விழும்வரை காத்திருந்து, அறுபது அடி தூரத்திலிருந்தே 'ஹீலிங் வேர்ட்' சொல்லி எழுப்புவதே லாபம். விழுவதும் எழுவதுமாகச் சண்டை கேலிக்கூத்தாகிறது. 2024இல் வைத்திய மந்திரங்களின் பகடையை இரட்டித்தார்கள். முன்கூட்டிய வைத்தியத்துக்குக் கொஞ்சம் மதிப்பு கூடியது, ஓட்டை அடைபடவில்லை. பாத்ஃபைண்டரில் விழுந்து எழுந்தவன் மீது 'காயம்பட்டவன்' என்ற குறி தங்கும். அடுத்தமுறை விழுந்தால் சாவு பக்கத்தில் வந்துவிடும். ஒரே வரி விதிதான். இந்த ஆட்டமும் அதை எடுத்துக்கொண்டிருக்கலாம்.

பத்துக்கு மேல்

பதினேழாம் லெவலில் மந்திரவாதி 'விஷ்' மந்திரத்தால் உலகத்தையே திருத்தி எழுதலாம். போர்வீரன் தன் நான்காவது வெட்டுக்கு இருபதாம் லெவல்வரை காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளிக்கு நீண்ட நாள் அட்டவணையும் மருந்தல்ல. ஒருவன் கதையின் போக்கை மாற்றுகிறான், மற்றவன் இன்னொரு முறை வாள் வீசுகிறான். புகழ்பெற்ற கதைத் தொகுதிகள் பலவும் அந்த உயரத்துக்குப் போவதில்லை. 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்' (2014) ஐந்தாம் லெவலோடும், 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' (2016) பத்தாம் லெவலோடும் நிற்கின்றன. 2024இல் ஆயுதம் ஏந்துவோருக்கு ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனி வித்தை கொடுத்தார்கள்: தள்ளிவிடு, சாய்த்துவிடு, வேகத்தைக் குறை. சண்டை சுவைகூடியது உண்மை. உச்ச லெவல் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறது.

இவ்வளவு குறை இருந்தும் இந்தப் பதிப்பு பரவியதற்கு மேசைக்கு வெளியேயும் காரணம் உண்டு. 2015இல் நேரலையாகத் தொடங்கிய 'கிரிட்டிக்கல் ரோல்', ஆடுவதைப் பார்ப்பதும் பொழுதுபோக்கு என்று காட்டியது. லேரியன் நிறுவனம் இதே விதிகளை வைத்து 2023இல் கொண்டுவந்த 'பால்டர்ஸ் கேட் 3' கணினி விளையாட்டு அந்த ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தி கேம் அவார்ட்ஸில் தேர்வானது. அதே ஆண்டு ஜனவரியில் உரிம விதிகளை இறுக்கப் பார்த்த விசார்ட்ஸ், ஆட்டக்காரர்களின் எதிர்ப்பில் பின்வாங்கி, அடிப்படை விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் எடுத்தாளலாம். தமிழில் பெயர்த்து வெளியிடவும் தடையில்லை.

தீர்ப்பு

கற்க எளிது என்பதில் முதலிடம். பகடை தரும் பரபரப்பில் நல்ல மதிப்பெண். அணிக்குள் சமநிலை, பத்தாம் லெவல்வரை, அதுவும் டன்ஜன் மாஸ்டர் உழைத்தால் மட்டும் தேறும். அதற்கு மேல் தோல்வி. நுணுக்கமான உத்திச் சண்டைதான் வேண்டும் என்பவர்கள் பாத்ஃபைண்டர் பக்கம் போவது நல்லது.

புதிதாக ஆடத் தொடங்கும் குழுவுக்கு என் பரிந்துரை ஐந்தாம் பதிப்புதான், ஒரு நிபந்தனையோடு. இரவுத் தூக்கத்தை அணி நினைத்தபோதெல்லாம் கொடுக்காதீர்கள். துரத்தும் எதிரி, விடிவதற்குள் முடிக்க வேண்டிய சடங்கு, மூடப்போகும் கோட்டைக் கதவு என ஏதாவது ஒன்றால் அவர்களை நெருக்குங்கள். ஒரு 'நாள்' இரண்டு மூன்று வாரச் சந்திப்புகளுக்கு நீளட்டும். நடுவே ஒரு மணி நேர ஓய்வு மட்டும் கிடைக்கட்டும். இரண்டாவது ஃபயர்பாலை இப்போது வீசுவதா, வைத்துக்கொள்வதா என்று மந்திரவாதி தயங்கத் தொடங்கினால், உங்கள் மேசையில் போர்வீரனுக்கும் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.