ரங்கனுக்கு டெல்லி எதற்கு?

கே.பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) படத்தை மறுபடி பார்த்தேன். வேலை போன நண்பர்கள் கேட்கும் கேள்விதான் காரணம்: பெங்களூரிலேயே வாடகை கொடுத்துத் தேடுவதா, உப்பிலியபுரத்துக்கே வந்துடுவதா?

1970-இல் ஹாரிஸ், டொடாரோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதுக்கு ஒரு கணக்கு போட்டார்கள். நகரத்துச் சம்பளத்தை வேலை கிடைக்கும் வாய்ப்பால் பெருக்கு. ஊர் வருமானத்தைவிட அதிகம்னா கிளம்பு. நல்ல கணக்குதான். ஆனால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று அது கேட்பதில்லை. டெல்லி அறையில் கமலும் நண்பர்களும் காலிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவதுபோல நடிக்கிறார்களே, அந்தக் காட்சி கேட்கிறது.

படத்தின் குறை, திரும்பிப் போவதை எடைபோடவே இல்லை. ஊரில் வாடகை கிடையாது, ஒருவேளைச் சோறாவது நிச்சயம். அப்பாவோடு சண்டை, ரோஷம், கதவை அடைச்சாச்சு. இது இயக்குநரின் சௌகரியம் என்றே சொல்வேன்.

முடிவு மட்டும் வேறு ரகம். தத்துவத்தில் முதுகலை படித்த ரங்கன் சலூனில் கத்தி பிடிக்கிறான். அந்த வேலை ஊரிலும் இருந்திருக்கும். ஆனால் கர்நாடக சங்கீத வித்வானின் மகனை ஊர் அந்தக் கடையில் நிற்க விட்டிருக்குமா? ஜாதி தெரியாத டெல்லியில்தான் அது முடிந்தது. இன்னைக்கும் துறையூரில் டெலிவரி பையை மாட்டக் கூசுற இன்ஜினியர், பெங்களூரில் கூசாமல் வண்டி ஓட்டுகிறார்.

அதனால் கேட்கிற நண்பர்களிடம், சேமிப்பை மாதச் செலவால் வகுக்கச் சொல்கிறேன்; அப்புறம், ஊரில் எந்தெந்த வேலைக்குப் போகக் கூசும்னு கேட்கிறேன்.