கருக்கு கேட்கும் கணக்கு

“நீ எந்தச் சபை?” என்று கேட்கிறார்கள். கத்தோலிக்கமா, தென்னிந்தியத் திருச்சபையா, லுத்தரனா, பெந்தெகொஸ்தேயா என்று சொல்லிவிட்டால் போதும் என்றுதான் கேட்கப்பட்டவன் எண்ணுகிறான். போதவில்லை! “ஊர் எது?” என்று அடுத்த கேள்வி வருகிறது. அதற்கும் விடை சொன்னால், “ஊரில் எந்தத் தெரு?” என்கிறார்கள். இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் முதலிரண்டும் முன்னுரை. தென்மாவட்டத்திலிருந்து காக்களூர்த் தொழிற்பேட்டைக்குப் பிழைக்க வரும் இளைஞனிடம் இயந்திரம் இதைக் கேட்பதில்லை. ஞாயிறன்று அவன் தேடிப்போகும் சபையில் கேட்கப்படலாம். திருமணப் பேச்சு எழும் நாளிலோ, பெரும்பாலும் கேட்கப்படும்.

ஒரு சபையைச் சேர்ந்தவர் என்றால் என்ன பொருள்? இதை ஆராய மறைநூல் விளக்கங்களைப் புரட்ட வேண்டியதில்லை, தோழர்களே! 1992-இல் வெளிவந்த ஒரு சிறு நூலைப் படித்தால் போதும். பாமா எழுதிய ‘கருக்கு’ அது. பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் அந்தக் கருக்குப் போலவே நூலும் இருபுறமும் அறுக்கிறது: ஒருபுறம் ஊரை, மறுபுறம் திருச்சபையை.

பாமா, பிறப்பால் ஒடுக்கப்பட்டவர், கத்தோலிக்கக் குடும்பத்தவர். ஊரில் அவர் கண்டது என்ன? தெருப் பெரியவர் ஒருவர், பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றில் தூக்கிச் சென்று ஆண்டையிடம் தருகிறார். குழந்தைக்கு அது வேடிக்கை, சிரிக்கிறாள். அண்ணன் காரணம் சொன்னதும் அந்தச் சிரிப்புச் செத்துப் போகிறது. படித்தால் இழிவு நீங்கும் என்கிறான் அண்ணன். படிக்கிறார், ஆசிரியை ஆகிறார், ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்திலும் சேர்கிறார். அங்கே என்ன கண்டார்? செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி. எளியவர் பிள்ளைகளுக்கு எடுபிடி வேலை! வறுமையை வாழ்வாக ஏற்பதாக வாக்குறுதி தந்தவர்களின் இல்லத்தில் வறுமையைத் தவிர எல்லாம் இருந்தது. ஒடுக்கப்பட்ட பெண்களைச் சேர்க்காத துறவற சபைகளும் உண்டென்ற பேச்சு அங்கேயே அவர் காதில் விழுகிறது. வெளியேறுகிறார். வெளியேறியவர் எழுதியதுதான் இந்த நூல்.

இது ஒரு மடத்தின் கதை மட்டும் அன்று. வரலாறு சான்று தருகிறது. 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் வெள்ளாளக் கிறித்தவர் பலர் சபையைவிட்டே விலகினர். பின்னாளில், சாதியை அத்துணைக் கடுமையாகக் கண்டிக்காத லைப்சிக் லுத்தரன் சபையில் இடம் தேடியவரும் அவர்களுள் உண்டு. சபையை மாற்றிக்கொண்டார்கள், சாதியை மாற்றிக்கொள்ளவில்லை! நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கத்தோலிக்கக் கோயில், வெள்ளாளருக்கு ஒரு கிளை, நாடாருக்கு ஒரு கிளை என இரண்டாகப் பிரிந்து நின்றது. பீடம் ஒன்று, இடையே சுவர்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர் இடிக்கப்பட்டபோது, அதை மீட்க வழக்குமன்றம் ஏறினார்கள், தோற்றார்கள். கல்சுவர் வீழ்ந்தது. கண்ணுக்குத் தெரியாத சுவரைத்தான் ‘கருக்கு’ தொட்டுக் காட்டுகிறது.

நூலின் நடையைக் குறை கூறுவோர் உண்டு. கொச்சைத் தமிழ் என்பார்கள். காலம் முன்னும் பின்னும் ஓடுகிறது, சொன்னதே திரும்ப வருகிறது என்பார்கள். திரும்ப வருவது உண்மைதான். நாள்தோறும் திரும்ப வரும் இழிவை ஒருமுறை மட்டும் சொல்லி முடிப்பது எங்ஙனம்? செந்தமிழில் சீராட்டப்படாத தெரு, தன் சொந்த மொழியில் தன் வழக்கை உரைக்கிறது. அதைத் திருத்தி எழுதச் சொல்பவர், வழக்கையே திருத்தச் சொல்கிறார்.

பகுத்தறிவு இளைஞர் இங்கே ஒரு கேள்வி எழுப்புவர்: “மடத்தை விட்டவர், மதத்தை ஏன் விடவில்லை?” நியாயமான கேள்விதான். பாமாவின் இயேசு எளியவர் பக்கம் நிற்கிறார். அந்த இயேசுவை நிறுவனம் மறைத்துவிட்டது என்பதே அவர் குற்றச்சாட்டு. நீதி கேட்க நமக்கு வானத்துச் சாட்சி தேவையில்லை. மனிதன் மனிதனுக்குச் சமம் என்பதற்கு மனிதனே போதும். அந்த அளவில் நாம் அவரோடு வேறுபடுகிறோம்.

ஆயினும், “வெளியே வா” என்று எளிதாகச் சொல்லிவிடுவதிலும் ஒரு பிழை இருக்கிறது. சபை என்பது ஆயரும் அவர் ஆட்சியும் மட்டுமா? வயலில் உழைத்துவிட்டு வந்து செபம் சொன்ன பாட்டி, திருவிழாவில் கூடி மகிழ்ந்த தெரு, கல்லறையில் உறங்கும் முன்னோர், இவர்களும் சபைதானே! எளியவர் வெளியேறினால், கோயில் யார் கையில் எஞ்சும்? சுவர் எழுப்பியவர் கையில்! எனவே உள்ளிருந்து கணக்குக் கேட்பவரைக் கோழை என்று கொள்ள இயலாது. வெளியே நிற்கும் நமக்கும் அவருக்கும் பொதுவான பணி ஒன்று உண்டு. சாதிச் சுவரை இடிப்பதே அது.

தலையில் ஊற்றிய நீர் ஒருவரைச் சபையில் சேர்க்கிறதாம். சேர்த்ததா இல்லையா என்பதைப் பதிவேட்டில் பார்க்காதீர்கள். பந்தியில் பாருங்கள், பாடகர் வரிசையில் பாருங்கள், மணவறையில் பாருங்கள், கடைசியாகக் கல்லறையில் பாருங்கள். பிணத்துக்கும் தனி இடம் ஒதுக்கும் சபையில், உயிரோடு இருந்தவர் எந்நாளும் உறுப்பினராக இருந்ததில்லை, எண்ணிக்கையாகவே இருந்தார்!