கெடுப்பதும் மடிப்பதும்

தனித்தனி மின் கருவிகளை ஒரே பெட்டியில் பொருத்தி, கம்பிகளால் இணைத்து வாசிக்கும் மாடுலர் சிந்தசைசர்க்காரர்களிடையே ஓர் அபிப்பிராயம் உண்டு. டிஸ்டார்ஷன் முரடு, வேவ்ஃபோல்டர் நாகரிகம். பெட்டியில் ஓர் இடம்தான் பாக்கி என்றால் யோசிக்காமல் இரண்டாவதை வாங்கிவிட வேண்டியதுதான் என்பார்கள். எனக்கு இது சம்மதமில்லை.

இரண்டும் ஒலியலையைக் கெடுப்பவைதான். பெட்டிக்கு அடங்காத வேஷ்டியைக் கத்தரித்துவிடுவது ஒரு விதம். மடித்து உள்ளே வைப்பது இன்னொரு விதம். டிஸ்டார்ஷன் எல்லை மீறிய சிகரத்தை வெட்டித் தட்டையாக்குகிறது. மேலும் மேலும் கூட்டினால் கடைசியில் கிடைப்பது சதுர அலை. அதற்கப்புறம் எவ்வளவு திருகினாலும் பெரிய மாறுதல் இராது. வேவ்ஃபோல்டரோ சிகரத்தைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. பலம் கூடக்கூட மடிப்புகள் பெருகும். ஹார்மானிக்குகள் ஒவ்வொன்றாக எழும், தேயும், மறுபடி எழும். சில சமயம் மூல ஸ்வரமே மெலிந்துபோகும்.

இரண்டுக்கும் பின்னால் இரண்டு மனப்பான்மைகள் இருக்கின்றன. நியூயார்க் மாகாணத்தில் 1964ல் தொடங்கிய மோகின் வழி, ஹார்மானிக்குகள் நிறைந்த அலையை எடுத்துக்கொண்டு ஃபில்டரால் குறைப்பது. கலிஃபோர்னியாவில் புக்லாவும், 1970களில் செர்ஜ் செரெப்னினும் பிடித்த வழி, எளிய ஸைன் அலையில் தொடங்கி அதைச் சிக்கலாக்குவது. மடிப்பு இந்த இரண்டாவது குடும்பத்துப் பிள்ளை. வெறும் அலையில்தான் அதன் அழகு தெரியும். கூட்டு ஸ்வரங்களைக் கொடுத்துப் பாருங்கள். பாத்திரக்கடையில் அலமாரி சரிந்த மாதிரி இருக்கும்.

முரடு என்று தள்ளப்படும் டிஸ்டார்ஷன் அந்த இடத்தில்தான் தன் யோக்கியதையைக் காட்டுகிறது. 1964ல் கிங்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்காக, டேவ் டேவிஸ் தம் ஒலிபெருக்கியின் கூம்பை சவர பிளேடால் கீறினார். அந்த கிதாரில் ஆதார ஸ்வரமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கின்றன. கிழிசலில் அவை கலைந்துபோகாமல் ஒரே கனமாகத் திரண்டு வருகின்றன. அதில் நாகரிகம் குறைவு என்று சொல்லிக்கொள்ளட்டும். உயிர் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

வேவ்ஃபோல்டரை வைத்துக்கொண்டிருப்பவர்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. குமிழை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பி, அதையே சங்கீதம் என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் தடவை ஆச்சரியம்; பத்தாவது தடவை கொட்டாவி. அது அப்படிக் காட்சிப் பொருளாக இருக்க வேண்டியதில்லை. மடிப்பின் அளவை வோல்டேஜிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு ஸ்வரமும் பிறக்கும்போது சற்று மடிந்து, ஓயும்போது நிமிரும்படி விட்டால், தந்தியை மீட்டியது போன்ற ஒரு பேச்சு வந்துவிடுகிறது. டிஸ்டார்ஷனிடம் இவ்வளவு நெளிவை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே வாங்கப் போகிறவர் முதலில் தம் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும். ஸைனோ முக்கோண அலையோ தரும் நல்ல ஆஸிலேட்டரும், அதை ஆட்டிவைக்க ஓர் என்வலப்பும் இருந்தால் வேவ்ஃபோல்டர். தாளக் கருவிகளையும் கூட்டு ஸ்வரங்களையும் ஒன்றாக்கிக் கனம் சேர்க்க வேண்டுமானால் டிஸ்டார்ஷன். சதுர அலையை மட்டும் வைத்துக்கொண்டு வேவ்ஃபோல்டர் வாங்கினால் பணம் தண்டம். அந்த அலைக்கு இரண்டே மட்டங்கள். நடுவில் மடிக்கச் சரிவே கிடையாது.